கோணமலைக் கடலும் திமிங்கிலமும்

திமிங்கிலத்தைக் கண்டு கடலோடிகள் அஞ்சி நடுங்கிய காலம் மிக நெடியது. அதனைக் காண்பதற்கென்றே பணங்கொடுத்துப் படகேறும் வழக்கத்திற்கு வயது ஏறத்தாழ எழுபதுதான். அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான்டியாகோ நகரில் 1955-ஆம் ஆண்டு மீனவர் ஒருவர், ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு, கரையோரமாகச் செல்லும் சாம்பல் திமிங்கிலங்களைப் படகிற் சென்று காட்டினார். அவ்வழக்கம் பல நாடுகளுக்கும் பரவி இன்று பெருந்தொழிலாக வளர்ந்துவிட்டது. தமிழர்க்கு அண்மையில் அது நடைபெறும் இடம் இலங்கையாகும். தென்கரையில் மிரிசை, மேல்கரையில் கற்பிட்டி, கீழ்க்கரையில் திருகோணமலை ஆகிய மூன்று ஊர்களிலிருந்தும் பருவந்தோறும் படகுகள் புறப்படுகின்றன. விடுமுறையில் மலேசியாவிலிருந்து கோணேசுவரத்திற்கு வழிபடச் செல்லும் குடும்பத்தார், மறுநாட் காலையில் திமிங்கிலம் பார்க்கவும் படகேறுவதுண்டு. இவ்விரண்டு பயணங்களும் ஒரே ஊரில் வந்து கூடியது தற்செயல் அன்று. அதன் காரணம் கடலின் அடியில் இருக்கிறது.

முதலில் பழஞ் செய்திகளைப் பார்ப்போம். அலெக்சாந்தரின் கடற்படைத் தலைவனான நியார்க்கஸ், கி.மு. 325-இல் சிந்து நதியின் முகத்திலிருந்து பாரசீகம் நோக்கிக் கலஞ் செலுத்தினான். வழியில் ஒருநாட் காலை, கடல்நீர் சூறாவளியால் தூக்கி எறியப்படுவதுபோல் மேலெழுவதைக் கிரேக்கர் கண்டனர். அது திமிங்கிலங்கள் ஊதும் நீர் என்று வழிகாட்டிகள் கூறியதும், துடுப்பு வலித்தவர் கையிலிருந்து துடுப்புகள் நழுவி விழுந்தன. நியார்க்கஸ் கலங்களைப் போருக்கு அணிவகுப்பதுபோல் நிறுத்தி, எல்லாரும் கூச்சலிடவும் ஊதுகொம்பு முழக்கவும் கட்டளையிட்டு, விலங்குகளை நோக்கியே கலத்தைச் செலுத்தினான். அவை ஆழத்தில் அமிழ்ந்து கலங்களுக்குப் பின்னே எழுந்தன. வீரர் கைகொட்டி ஆரவாரித்தனர். இச்செய்தியை அர்ரியன் என்ற கிரேக்க ஆசிரியர் தம் 'இண்டிகா' என்னும் நூலில் எழுதிவைத்துள்ளார்.

கி.பி. 851-இல் தொகுக்கப்பெற்றதும் சுலைமான் என்ற வணிகர் பெயரால் வழங்குவதுமான அரபு நூலும் இத்தகையதொரு செய்தியைத் தருகிறது. பள்ளிவாசற் கோபுரம்போல் நீரை உயர ஊதும் பெருமீனைப் பற்றிக் கூறி, அது கலத்தின்மீது சாய்ந்து கவிழ்த்துவிடும் என்று அஞ்சி, இரவெல்லாம் மரக்கட்டை மணிகளை மாலுமிகள் அடித்துக்கொண்டே செல்வர் என்கிறது அந்நூல். இரண்டு செய்திகளுக்கும் இடையே ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்துள்ளன. ஆயினும் மருந்து ஒன்றுதான்: ஓசை. திமிங்கிலம் செவியால் வாழும் விலங்கு என்பதை அக்காலத்து மாலுமிகள் நூலறிவால் அல்லாமல் பட்டறிவால் உணர்ந்திருந்தனர் போலும். இக்குறிப்பைப் பின்னர் மீண்டும் காண நேரும்.

அச்சமின்றித் திமிங்கிலத்தை நோக்கிய கண்கள் அந்நாளில் இல்லாமற் போகவில்லை. காளிதாசரின் இரகுவமிசம் பதின்மூன்றாம் சருக்கத்தில், இலங்கையிலிருந்து புட்பக விமானத்தில் திரும்பும் இராமன் கீழே விரியும் கடலைச் சீதைக்குச் சுட்டிக்காட்டுகிறான். ஆற்றுமுகத்தில் உயிரினங்களோடு கூடிய நீரை வாய்கொள்ள எடுத்து, வாயை மூடி, துளையுள்ள தலையின் வழியே நீரை மேலே பீய்ச்சும் 'திமி' என்னும் பெருமீன்கள் அங்கே வருகின்றன. வாய்நீரே தலைத்துளை வழியாக வெளிவருகிறது என்பது பிழை. திமிங்கிலம் ஊதுவது மூச்சுக்காற்றும் நீராவியுமே. ஆயினும் வாய்நிறைய நீரை உட்கொண்டு, நீரை வெளியேற்றிச் சிற்றுயிர்களை மட்டும் நிறுத்தி உண்பது நீலத் திமிங்கிலத்தின் உண்மை இயல்பு. இதனைக் கரையிலிருந்து ஊகித்து எழுதுதல் அரிது. கடலோடி ஒருவன் வாய்க் கேட்டே கவிஞர் எழுதியிருத்தல் கூடும். அந்தத் 'திமி'யையே விழுங்குவது என்னும் பொருளில் அமைந்த வடசொல்லே திமிங்கிலம். அதனையும் விழுங்க வல்லது திமிங்கிலகிலம் எனக் கற்பனை மேலும் ஒருபடி ஏறியது.

இனித் தமிழுக்கு வருவோம். நெய்தல் நிலத்தை நுணுகி நுணுகிப் பாடிய சங்கப் புலவர்க்குச் சுறா நன்கு தெரியும். சினைச் சுறவின் கொம்பை நட்டுப் பரதவர் வழிபட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது. ஆனால் நீரூதிச் செல்லும் திமிங்கிலத்தை ஐயமின்றிக் காட்டும் இடம் அப்பாட்டுகளில் இல்லை. மதுரைக்காஞ்சியில் வரும் பனைமீன் அதுவே என்று சிலர் கருதுவதுண்டு. பெயரின் பெருமையைத் தவிர வேறு சான்று இல்லாத இடத்தில் அவ்வாறு துணிதல் பொருந்தாது.

திமிங்கிலத்தை அறியாத தமிழ் வணிகர், அதன் வயிற்றுப்பொருளை மட்டும் நன்கு அறிந்திருந்தனர் என்பதுதான் வியப்பு. கடல்படு பொருள் ஐந்து என்று எண்ணும் பழைய மரபொன்றைச் சிலப்பதிகார உரையிற் காணலாம். சங்கு, பவளம், முத்து, உப்பு என்னும் நான்கினோடு அங்கே முதலாவதாக நிற்பது ஓர்க்கோலை. ஓர்க்கோலை என்பது அம்பர். எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலில் விளைந்து, கடலில் மிதந்து, கரையில் ஒதுங்கும் நறுமணப் பொருள் அது. பொருள் கைக்கு வந்தது. அதனைத் தந்த விலங்கு கண்ணுக்கு வரவில்லை.

இதற்குக் காரணம் கடலின் ஆழமே. தமிழகத்திற்கும் யாழ்ப்பாணத்திற்கும் இடைப்பட்ட பாக்கு நீரிணை பெரும்பாலும் பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்திற்கு மேற்படாத பரவைக் கடல். முத்துச் சலாபம் நடந்த மன்னார்க் குடாவின் பார்களும் மனிதன் மூச்சடக்கி மூழ்கி எடுக்கும் ஆழத்தவையே. இத்தகைய கடலுக்குப் பெருந்திமிங்கிலம் வழிதவறி வந்தால்தான் உண்டு. 1973 சனவரியில் தூத்துக்குடிக் கரையில் 147 சிறு திமிங்கிலங்கள் ஒதுங்கின. 2016 சனவரியில் மணப்பாட்டுக் கரையில் மீண்டும் ஏறத்தாழ நூறு ஒதுங்கின. ஊர் மீனவர் அவற்றைக் கடலுக்குள் இழுத்துச் சென்று விட்டும், பல கரைக்கே திரும்பி வந்து இறந்தன. தமிழகக் கரையில் வாழ்ந்தோர்க்குத் திமிங்கிலம் என்பது பெரும்பாலும் செத்து ஒதுங்கிய உடலாகவே அறிமுகமாயிற்று.

ஆனால் தமிழர் கோயில் கொண்டிருந்த இரண்டு கடல்முனைகளில் நிலைமை வேறு. ஒன்று திருகோணமலை. மற்றொன்று இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனை. இவ்விரண்டிடத்தும் ஆழ்கடல் கரைக்கு மிக அண்மையில் வந்துவிடுகிறது. திருகோணமலைத் துறைமுக வாயிலிலிருந்தே கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்குத் தொடங்கி ஆழ்கடலை நோக்கிச் செல்கிறது. பெருங்கலங்கள் தங்குதற்கு உரிய துறையாக அதனை ஆக்கியது இவ்வாழமே. போர்த்துக்கீசியர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோர் அதன்பொருட்டே அத்துறைக்குப் போட்டியிட்டனர். 1957 வரையில் ஆங்கிலக் கடற்படை அங்கே தளம் வைத்திருந்தது. திமிங்கிலம் கரையோரம் வந்து மேய்வதற்கும் அதே ஆழந்தான் காரணம்.

அத்துறையின் மேல் நிற்கும் செங்குத்தான பாறைமீது கோணேசுவரம் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் அத்தலத்தைப் பதிகத்தாற் பாடினார். சேக்கிழார் வாக்கின்படி அவர் இராமேசுவரத்தில் இருந்தவாறே அதனைப் பாடியதால், பாறையின்கீழ்த் திமிங்கிலம் ஊதியதை அவர் கண்டாரா என்னும் வினாவுக்கே இடமில்லை. 1620-களில் போர்த்துக்கீசியர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கோட்டை கட்டப் பயன்படுத்தினர். 1956-இல் ஆர்தர் கிளார்க்கும் மைக் வில்சனும் பாறையடிக் கடலில் மூழ்கிக் கோயிலின் இடிபாடுகளைக் கண்டறிந்தனர். இன்றுள்ள கோயிலுக்கு 1963-இல் குடமுழுக்கு நடந்தது. வழிபட்டு முடித்துக் கிழக்கே நோக்கி நிற்பவர், மார்ச்சு முதலான மாதங்களிற் கடல் அமைதியாக இருந்தால், படகேறாமலே நீலத் திமிங்கிலத்தின் மூச்சைக் கண்டுவிடக்கூடும். உலகில் தரையில் நின்றபடியே இவ்விலங்கைக் காண வாய்த்த இடங்கள் மிகச் சிலவே.

அறிவியலார் இதனைக் கண்டுகொண்டது 1980-களின் தொடக்கத்தில்தான். 1979-இல் சீஷெல்ஸ் நாட்டின் முயற்சியால் அனைத்துலகத் திமிங்கில ஆணையம் இந்துமாக்கடலைத் திமிங்கிலக் காப்பிடமாக அறிவித்தது. அதனையொட்டி 'டியூலிப்' என்ற சிறு பாய்க்கப்பலில் ஹால் வைட்ஹெட் என்னும் ஆராய்ச்சியாளரும் அவர்தம் குழுவினரும் எண்ணெய்த் திமிங்கிலத்தைத் தேடி இலங்கைக்கு வந்தனர். வந்தவர்கள் திருகோணமலைக்கு வெளியே நீலத் திமிங்கிலங்களையும் கண்டு வியந்தனர். உலகிற் பெரிய உயிர் வெப்பக் கடலில், கரையிலிருந்து காணும் தொலைவில், மேய்ந்துகொண்டிருந்தது. ஆனால் 1983 சூலையில் இனக்கலவரம் மூண்டது. தொடர்ந்த போர் 2009 மே வரையில் நீடித்தது. கீழ்க்கரைக் கடல் ஆராய்ச்சிக்கும் சுற்றுலாவுக்கும் பெரும்பாலும் மூடிக் கிடந்தது. மீனவர்க்கே தடைகள் பல இருந்தன. திமிங்கிலத்தைப் பற்றி உலகம் அறியத் தொடங்கிய ஆண்டிலேயே, அதனைக் காணும் கரையில் வாழ்ந்த தமிழர் அக்கடலை இழக்கத் தொடங்கினர்.

நிற்க. ஆங்கே திமிங்கிலம் மிஞ்சியிருந்ததே ஒரு வியப்பு எனல் வேண்டும். 1963-க்கும் 1966-க்கும் இடையில் சோவியத் நாட்டு வேட்டைக் கப்பல்கள் வட இந்துமாக்கடலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களைக் கொன்றன. அனைத்துலக ஆணையத்துக்கு அவர்கள் தந்த கணக்கில் அவை மறைக்கப்பட்டன. இரஷ்ய அறிவியலார் சிலர் 1990-களில் உண்மைக் கணக்கை வெளியிட்ட பின்னரே உலகம் அதனை அறிந்தது. ஏனைய கடல்களின் நீலத் திமிங்கிலங்கள் குளிர்க்கடலில் உண்டு, வெப்பக்கடலிற் குட்டி ஈன்று, ஆண்டுதோறும் நெடும்பயணம் செய்வன. வட இந்துமாக்கடலில் வாழ்வன துருவத்திற்குச் செல்வதில்லை. பருவக்காற்றால் கீழ்நீர் மேலெழுந்து இரை பெருகும் இடங்களைத் தேடி, அரபிக்கடலுக்கும் வங்கக் கடலுக்கும் இடையே அவை உலவுகின்றன. உருவத்திலும் அவை சற்றுச் சிறியவை. 1859-இலேயே கல்கத்தாவில் ஆசியக் கழகத்து அருங்காட்சியகத்தைக் காத்துவந்த எட்வர்டு பிளைத் இவ்வினத்திற்கு 'இண்டிகா' என்று பெயரிட்டிருந்தார்.

திருகோணமலை மூடிக் கிடந்த காலத்தில் தென்கரை திறந்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் மிரிசை மீனவர் சிலர் மீன்பிடி படகுகளையே மாற்றியமைத்துப் பயணிகளை ஏற்றத் தொடங்கினர். சில ஆண்டுகளில் அது பெருந்தொழிலாயிற்று. அங்கே பருவம் நவம்பரில் தொடங்கி ஏப்பிரலில் முடிகிறது. அதன்பின் தென்மேற்குப் பருவக்காற்றால் கடல் கொந்தளிக்கும். திருகோணமலையில் கடல் அமைதி பெறுவது அப்போதுதான். ஆகவே ஆண்டிறுதி விடுமுறையிற் செல்வோர் மிரிசைக்கும், ஆண்டின் நடுவிற் செல்வோர் திருகோணமலைக்கும் போதல் தக்கது.

படகு விடியலிற் புறப்படும். கரை மறைந்து, நீரின் நிறம் கருநீலமாக மாறும் இடம்வரை சென்று, பொறியைத் தணித்துக் காத்திருக்கும். முதலிற் காண்பது உடம்பை அன்று, மூச்சையே. தென்னைமர உயரத்தில் வெண்புகை போல ஒன்று நிமிர்ந்து கலையும். பிறகு நீண்ட சாம்பல்நீல முதுகு மெல்ல நீர்மட்டத்திற் சுழலும். முதுகு முடிவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்திலிருந்துதான் விலங்கின் நீளம் பார்ப்பவர்க்குப் புலனாகும். சில மூச்சுகளுக்குப் பின் வாலைத் தூக்கி ஆழத்தில் அமிழும். மீண்டும் எழப் பத்து நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். எண்ணெய்த் திமிங்கிலமானால் முக்கால் மணி நேரமும் காத்திருத்தல் வேண்டும். காத்திருக்கப் பொறாத படகோட்டிகள் விலங்கைத் துரத்துவதும், நாற்புறமும் சூழ்வதும் பெருங்குறையாயின. 2012-இல் இலங்கை அரசு விதிகள் வகுத்து, நூறு மீட்டருக்கு உள்ளே படகு நெருங்கலாகாது என்றது. விதி ஏட்டில் இருப்பது வேறு, கடலில் நடப்பது வேறு. விடுமுறைப் பயணிகளே படகோட்டியை 'இன்னும் கிட்டப் போ' என்று தூண்டும்போது குற்றத்தை அவன்மீது மட்டும் சுமத்துவது நேர்மையாகாது.

ஆயினும் திமிங்கிலத்திற்குப் பெரும்பகை இச்சிறு படகு அன்று. மிரிசைக்குக் கிழக்கே சிறிது தொலைவில் உள்ளது தேவேந்திரமுனை. ஒருகாலத்தில் தெனாவரை நாயனார் கோயில் அங்கே புகழ்பெற்று விளங்கிற்று. 1344-இல் அவ்வூருக்குச் சென்ற இபுன் பதூதா அதன் செல்வத்தை வியந்து எழுதினார். சீனக் கடற்படைத் தலைவன் செங் ஹோ 1409-ஆம் ஆண்டு இட்ட மும்மொழிக் கல்வெட்டு, சீனத்தில் புத்தரையும், தமிழில் தெனாவரை நாயனாரையும், பாரசீகத்தில் அல்லாவையும் போற்றி, பொன்னும் வெள்ளியும் பட்டும் காணிக்கையாகக் குறிக்கிறது. 1911-இல் காலி நகரில் வாய்க்கால் மூடிய பலகைக் கல்லாக அதனைக் கண்டெடுத்தனர். இன்று அது கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. கோயிலோ 1588-இல் போர்த்துக்கீசியரால் அழிக்கப்பட்டது. மூன்று மொழியாரும் அம்முனையை வணங்கியதற்குக் காரணம், சீனத்திலிருந்தும் மலாக்காவிலிருந்தும் மேற்கே செல்லும் கலங்கள் யாவும் அதனைச் சுற்றியே சென்றாக வேண்டும் என்பதுதான். இன்றும் அப்படியே. சூயசிலிருந்து மலாக்கா நீரிணைக்கு வரும் பெருங்கப்பல்கள் அம்முனையை ஒட்டியே செல்கின்றன. உலகில் மிக நெருக்கமான கப்பல் வழிகளுள் அது ஒன்று. நீலத் திமிங்கிலம் மிகுதியாக மேயும் இடமும் அதுவே.

2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்திற்கு வந்த சரக்குக் கப்பல் ஒன்றின் முகப்பில், மோதுண்டு இறந்த நீலத் திமிங்கிலம் தொங்கிக் கிடந்தது. மாலுமிகள் மோதலை அறிந்திலர். முன்னாளில் மரக்கட்டை மணியோசைக்கு விலகிய விலங்கு இன்றைய இரும்புக் கப்பலுக்கு ஏன் விலகவில்லை என்று கேட்கலாம். ஓசை ஒருபுறமிருந்து வந்தால் விலகலாம். கடல் முழுவதும் இரவும் பகலும் ஓசையாகவே இருந்தால் எப்பக்கம் விலகுவது? விரைந்து வரும் கப்பலின் முன்னே நீலத் திமிங்கிலம் மெல்ல அமிழ்வதல்லால் பக்கவாட்டில் விலகுவதில்லை என்று வேறு கடல்களில் ஆராய்ந்தோர் கண்டுள்ளனர். இறந்த உடல் பெரும்பாலும் ஆழத்திற் போய்விடுவதால், கரைக்கு வருவனவற்றைக்கொண்டு மட்டும் இழப்பைக் கணக்கிட முடியாது.

அக்கப்பல்களுள் பல, தேவேந்திரமுனையைக் கடந்த சில நாட்களிலேயே மலாக்கா நீரிணைக்குள் வந்து பேராக் கரைக்கு அப்பாற் செல்வன. பங்கோர்த் தீவின் மேற்கே இரவிற் காணும் விளக்கு வரிசை அவற்றினுடையது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குத் தோட்டத் தொழிலாளரை ஏற்றிவந்த கப்பல்களும், 1926-இற் கட்டப்பெற்று 1970-களின் தொடக்கம் வரை ஓடிய 'ராஜுலா'வும், இத்திமிங்கிலங்கள் உலவும் வங்கக் கடலையே குறுக்கே கடந்தன. ஆனால் நீரிணைக்குள் நுழைந்ததும் கடல் ஆழங்குறைந்துவிடும். ஆகவே இங்கே பெருந்திமிங்கிலம் அரிய விருந்தாளி. 1892 சூனில் மலாக்காவுக்கு அருகே 42 அடி நீளமுள்ள ஒன்று கரையொதுங்கியது. அதன் எலும்புக்கூட்டை 'இந்தியத் துடுப்புத் திமிங்கிலம்' என்று பெயரிட்டு, 1907 முதல் சிங்கப்பூர் இராபிள்ஸ் அருங்காட்சியகத்தில் தொங்கவிட்டனர். இரண்டு தலைமுறைச் சிறுவர் அதன்கீழ் நின்று அண்ணாந்து பார்த்தனர். 1974-இல் அது மலேசியாவுக்கு வழங்கப்பட்டது. இன்று லபுவான் கடற்பொருட் காட்சியகத்தில் இருக்கிறது. 2015 சூலையில் சிங்கப்பூரின் சூரோங் தீவருகே எண்ணெய்த் திமிங்கிலம் ஒன்று இறந்து மிதந்தது. அதன் முதுகிலும் கப்பல் மோதியதைக் காட்டும் காயம் இருந்தது.

பேராக்கில் உயிரோடு காணக்கூடியவை திமிங்கிலத்தின் சிறு சுற்றத்தாரான ஓங்கில்களே. தைப்பிங்கை அடுத்த கோல செப்பேத்தாங்கிலிருந்து, அதாவது 1885-இல் மலாய் நாட்டின் முதல் இருப்புப்பாதை சென்று முடிந்த பழைய போர்ட் வெல்டிலிருந்து, மாத்தாங் அலையாத்திக் காட்டின் ஆற்றுமுகத்திற்குப் படகிற் செல்லலாம். உருண்டைத் தலையுடைய ஐராவதி ஓங்கிலும், வெளிர்சிவப்பு நிறங்கொண்ட கூனல் ஓங்கிலும் அங்கே வாழ்கின்றன. காட்டிற் கரிக்காக வெட்டிய கண்டல் மரங்களை முறைப்படி மீண்டும் நட்டு வளர்ப்பதால் மீன்வளம் நிற்கிறது. மீன் நிற்பதால் ஓங்கிலும் நிற்கிறது. இப்போவிலிருந்து ஒரே நாளிற் சென்று திரும்பக்கூடிய இப்பயணத்தை மாணவர்க்குக் காட்டும் பள்ளிகள் இன்னும் பெருகவில்லை.

தேவேந்திரமுனைக் கப்பல் வழியைத் தெற்கே 15 கடல் மைல் தள்ளிவைத்தால், மோதலின் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம் என்பது ஆராய்ச்சியாளர் நெடுநாளாகக் கூறிவருவது. அவ்வளவு சிறிய விலகலால் பயணத்திற்குக் கூடும் நேரம் அற்பம். 2022-ஆம் ஆண்டின் நடுவில் உலகின் மிகப் பெரிய கப்பல் நிறுவனங்களுள் ஒன்றான எம்.எஸ்.சி. தானே முன்வந்து தன் கப்பல்களை அவ்வாறு தெற்கே செலுத்தத் தொடங்கியது. இஃது அந்நிறுவனம் விரும்பி ஏற்ற ஒழுங்கு. அவ்வழியே செல்லும் எல்லாக் கப்பல்களையும் கட்டுப்படுத்தும் சட்டமன்று.